எண்பத்தெட்டு நாள் சாமி

"வேன் ஆறு மணிக்குன்னுதானே சொன்ன?"

குருசாமி காத்தவராயன் வீட்டு வாசலில் வேன் இல்லை. வேன் நின்ற இடத்தில் உடைந்த தேங்காய் ஓடுகளும் கற்பூரக் கரியும்தான் கிடந்தன. கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மாலையுமாக பலராமன் திகைத்து நின்றான்.

"நாலு மணிக்கே கெளம்பிட்டாங்களாம் சாமி," என்றாள் அவன் மனைவி தனக்கொடி. "குருசாமி வூட்டம்மா வந்து சொன்னப்ப ஆறுன்னுதான் என் காதுல வுழுந்துச்சி."

வேறு நாளாக இருந்தால் முதலியார்பேட்டையின் அந்தத் தெரு முழுக்க வேடிக்கை பார்க்கக் கூடியிருக்கும். மாலை போட்டவன் கோபப்படக் கூடாது. பலராமன் பல்லைக் கடித்துக்கொண்டு, "சாமி சரணம்," என்றான்.

அவன் மாலை போட்டதற்குக் காரணம் இருந்தது. மில்லை மூடிய பிறகு நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குக் காவல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கடையிலிருந்து வீட்டுக்கு அரை மணி நேர நடை. அவனுக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். வழியில் எத்தனை கடைகள் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2006 ஐப்பசியில் மகள் பூர்ணிமாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. விழாவுக்கு அவனும் போனான். எல்லோருக்கும் முன்னால் கை தட்டினான். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் நாற்காலியோடு சாய்ந்தான். பூர்ணிமா பரிசை வாங்கிக்கொண்டு மேடையின் பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டாள். ஒன்பது நாள் அவனோடு பேசவில்லை.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டான்.

மறுநாளே பழைய மில் கூட்டாளி ஹரிகிருஷ்ணன் வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

"எப்பப்பா கழட்டற?"

"மலைக்குப் போயிட்டு வந்த அன்னிக்கி."

"ஒண்ணு வாங்கி வச்சிட்டேன். நீ வர்ற வரைக்கும் மூடியத் தொறக்க மாட்டேன்."

"ஒரே ஒரு நாளுதான். அதுக்கப்புறம் கெடையாது, சொல்லிட்டேன்," என்று பலராமன் சிரித்தான். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தனக்கொடி குடம் நிரம்பி வழிவதைக் கவனிக்கவில்லை.

வேனைத் தவறவிட்டவன் சோர்ந்துவிடவில்லை. தை மாதத்துக்கு விழுப்புரத்திலிருந்து ரயிலில் போவதென்று வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து வந்தான். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் தனக்கொடி முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி வந்தாள்.

"எங்க கலியமூர்த்தி பெரியப்பா போயிட்டாரு சாமி. பாம்பு கடிச்சிடுச்சாம்."

"எந்தப் பெரியப்பா?"

"வில்லியனூர்ப் பக்கம் தோட்டம் வச்சிருக்காரே. நம்ம கல்யாணத்துல பந்தி பாத்தாரே."

"அப்ப மாலையக் கழட்டணுமா?"

"அய்யய்யோ, அதெல்லாம் வேணாம்!" என்றாள் அவசரமாக. "நீங்க பங்காளி இல்லியே. ஆனா பதினாறு நாளு மலையேறக் கூடாதாம்."

மாலையைக் கழற்றும் அளவுக்குப் பெரிய தீட்டு இல்லை. மலையேறும் அளவுக்குச் சின்னத் தீட்டும் இல்லை. இப்படி ஒரு தீட்டை பலராமன் கேள்விப்பட்டதே இல்லை. விசாரிக்கலாமென்றால் குருசாமி அடுத்த கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் மலைக்குப் போயிருந்தார். மாலை போட்டவன் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதால் தனக்கொடி மட்டும் போய் வந்தாள். வரும்போது ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்தாள்.

"சாவு வூட்டுலேர்ந்தா?"

"தோட்டத்துல வீணாப் போவுதுன்னு குடுத்தாங்க சாமி."

ஊரில் மலைக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து, மாலையைக் கழற்றி, முகம் மழித்து, மீன் குழம்பு சாப்பிட்டு ஏப்பம் விட்டாயிற்று. பலராமன் மட்டும் தாடி மார்பில் புரள நடந்தான். ஜவுளிக்கடை முதலாளி, "வாசல்ல உன்னப் பாத்து சாமியார் மடம்னு நெனச்சி திரும்பிப் போறாங்கப்பா," என்று அவனைக் கிடங்குக்கு மாற்றினார். டீக்கடையில் அவனுக்கு 'நிரந்தர சாமி' என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டில் மட்டும் வேறு காற்று. "சாமி, சாப்புட வாங்க," என்றாள் தனக்கொடி. பதினாறு வருஷத்தில் அவன் கேட்காத 'வாங்க'. பூர்ணிமா கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவனுக்குக் கணக்கு தெரியாது என்று அவளுக்குத் தெரியும். தை கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு அவளே கூட்டிப்போய், டீச்சரிடம், "எங்கப்பா," என்றாள். எல்லாம் ஐயப்பன் செயல் என்று பலராமன் மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆனாலும் மலைக்குப் போய்விட்டு வந்தால்தானே விரதம் முடியும்? ஹரிகிருஷ்ணன் வேறு வாரத்துக்கு இரண்டு தடவை விசாரித்துக்கொண்டிருந்தான்.

இனி யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு கட்டினான். மாசி நடை திறப்புக்கு டிக்கெட் எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பூர்ணிமா, "ஞாயித்துக்கெழம பீச்சுக்குப் போலாமாப்பா?" என்று கேட்டாள்.

"போலாம்," என்றான். ஞாயிற்றுக்கிழமை தான் எங்கே இருப்போம் என்று தெரிந்தேதான் சொன்னான்.

விடிந்ததும், "டியூட்டிக்குப் போறேன்," என்றான். தனக்கொடி அவசர அவசரமாக எலுமிச்சைச் சாதம் கட்டிக் கையில் கொடுத்தாள். நாலு படி இறங்கித் திரும்பிப் பார்த்தான். அவள் வாசலில் நின்று கும்பிட்டாள். கால் நிற்கவில்லை.

காத்தவராயன் இருமுடி கட்டிக்கொண்டே, "வூட்டுல சொல்லிட்டீங்களா சாமி? அவங்க வந்து அரிசி போடணுமே," என்றார்.

"சொல்லிட்டேன் சாமி. அவளுக்கு ஒடம்பு சரியில்ல," என்றான். மாலை போட்ட எண்பத்தெட்டு நாளில் மகளிடமும் மனைவியிடமும் குருசாமியிடமும் அடுத்தடுத்து மூன்று பொய். குருசாமி வீட்டம்மா அரிசி போட்டாள்.

விழுப்புரம் பஸ்ஸில் இருமுடியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். மூலக்குளத்தில் பஸ் நின்றது. வெற்றிலைச் சிவப்பு வாயோடு ஒரு பெரியவர் ஏறினார்.

"அடடே, மாப்ள!" என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், சட்டென்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு இறங்கப் பார்த்தார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

பலராமன் உற்றுப் பார்த்தான். கல்யாணத்தில் பந்தி பார்த்த அதே முகம்.

"மாமா... நீங்க தை மாசம்..."

கலியமூர்த்தி துண்டை இறக்கினார். "ஆமா மாப்ள. போயிட்டேன்," என்று சங்கடத்தோடு ஒப்புக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாம்பு கடிச்சிதுன்னாளே!"

"பாம்பா? மாரடைப்புன்னுதானே பேசி வச்சோம்!"

பலராமன் நாலு மணி வேனை நினைத்தான். கத்தரிக்காயை நினைத்தான். தான் வரிசையில் நின்று எடுத்துக் கிழித்துப்போட்ட டிக்கெட்டை நினைத்தான். சரணம் சொல்லிப் பார்த்தான். கோபம் அடங்கவில்லை.

"சாமி காரியத்துல இப்டியா மாமா வெளையாடுவா? நான் மலைக்குப் போறது புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே!"

பெரியவர் அவன் மடியிலிருந்த இருமுடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல், முன் சீட்டைப் பார்த்துச் சொன்னார்:

"நீ மலைக்குப் போறதுல அதுக்கு என்னா மாப்ள வருத்தம்? மாலையக் கழட்டிட்டு வூட்டுக்கு வரப்போறானே ஒருத்தன், அவன நெனச்சிதான் பயப்புடுது."