கிராணி வீட்டுக் கடிகாரம்

என் மகனுக்கு மணி தவறாமல் பால் கொடுத்துப் பெரிய கிராணி ஆகிவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். பிள்ளை பால் குடிப்பதற்கும் அப்பன் உத்தியோகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் எஸ்டேட்டில் சம்பந்தம் இருந்தது.

எங்கள் எஸ்டேட் மலாயாவில், ஸ்கூடாய் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரம். அதில் நான், செல்லப்பன், ஆபீசில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி. எனக்கு மேலே பெரிய கிராணி வைத்தியலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகப் போவதாகப் பேச்சு. அவர் எழுந்தால் அந்த நாற்காலி காலி. நாற்காலியோடு கால் வைத்து உயர்த்திக் கட்டிய பலகை வீடு ஒன்றும் வரும். நான் இருந்த வீடு தரையோடு தரை. மழை பெய்தால் தவளை என்னைக் கேட்காமலே உள்ளே வந்து உட்காரும். அந்தப் பலகை வீட்டின் மேல் எனக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சம் அல்ல.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் துரையின் மனைவி துரைசானி சீமைக்குப் போய்விட்டுப் புதுக் கொள்கை ஒன்றோடு திரும்பி வந்தார். பிள்ளை அழுதவுடன் பால் கொடுக்கக் கூடாது. கடிகாரம் பார்த்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் கொடுக்க வேண்டும். நடுவில் அழுதால் அழட்டும். இதை எஸ்டேட் பெண்களுக்குச் சொல்ல ஆயாக்கொட்டகையில் கூட்டம் போட்டார். பெண்கள் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை அது. துரைசானி மலாயில் பேசினார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் கொட்டகை ஆயா பேச்சியம்மாள் எழுந்தாள்.

"ஏங்க கிராணி, மணி பாத்துச் சாப்புட அது பச்சப்புள்ளயா, ஆபீஸ் கிராணியா?"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று துரைசானி கேட்டார்.

"ரொம்ப நல்ல யோசனை என்கிறாள், மேம்" என்றேன்.

துரைசானி கெட்டிக்காரி. சிரிப்பைப் பார்த்தே புரிந்துகொண்டார். "முதலில் உன் வீட்டில் செய்து காட்டு, கிராணி. உன்னைப் பார்த்து எல்லாரும் செய்வார்கள். நான் துரையிடம் சொல்கிறேன்" என்றார். 'துரையிடம் சொல்கிறேன்' என்று அவர் வாய் திறந்தபோதே பலகை வீடு என் கண் முன்னால் வந்து நின்றது.

மறுநாளே ஜொகூர் பாருவுக்குப் போனேன். சீனர் கடையில் ஆடுகிற குண்டு வைத்த சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கி வந்தேன். தொட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். என் மனைவி புஷ்பவள்ளி இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"கடிகாரம்."

"தெரியிது. நமக்கு எதுக்கு? அதான் ஆபீஸ்ல மணி அடிக்கிறாங்களே."

"இது சின்னத்தம்பிக்கு."

"அவன் மணி கேட்டானா?"

"புஷ்பம், வெளையாடாத. இனிமே நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் இவனுக்குப் பால்."

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"உங்கிட்டச் சொல்றேன். கடிகாரத்துல மூணு, ஏழு, பதினொண்ணுன்னு மணி அடிச்சாத்தான் பால். அடிக்கலைன்னா கெடையாது."

"நடுவுல அழுதா?"

"அழட்டும். அழுதா நெஞ்சு விரியுமாம்."

"யாரு சொன்னா?"

"துரைசானி."

"துரைசானிக்கு எத்தனை புள்ளைங்க?"

நான் சுத்தியலைத் துடைத்தேன். துரைசானிக்கு இருந்தவை இரண்டு நாய்கள்.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. நானே காவல் இருந்தேன். சின்னத்தம்பிக்கு அப்போது ஆறு மாசம். பல் இல்லையே தவிர குரல் முழுசாக இருந்தது. அலமாக், அந்த அழுகை! தொழிலாளர் லயத்து நாய்கள் எல்லாம் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயின. புஷ்பம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர். ஆனாலும் பலகை வீட்டை நினைத்துக்கொண்டு இரண்டு காதிலும் விரலை விட்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தபோது அவள் பிள்ளையைத் தூக்கின வேகத்தில் தொட்டில் சுவரில் போய் இடித்தது.

மறுநாள் காலையில் அவள் முகம் தெளிந்திருந்தது.

"சரிங்க. நீங்க சொன்னபடியே மணி அடிச்சாத்தான் குடுப்பேன். நீங்க நிம்மதியா ஆபீசுக்குப் போங்க."

நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இவள் என்னை எதிர்த்துப் பேசாமல் 'சரிங்க' என்று சொன்னது தாலி கட்டும்போது குனியச் சொன்னதற்கு மட்டும்தான்.

அன்றிலிருந்து வீட்டில் அழுகைச் சத்தமே இல்லை. நான் எப்போது வந்தாலும் பிள்ளை சிரித்துக்கொண்டு கிடந்தான். ஒன்று, பால் குடித்து முடித்திருப்பான். இல்லாவிட்டால் லேசாகச் சிணுங்குவான். நான் கால் கழுவப் பின்பக்கம் போவேன். உடனே உள்ளே டங் டங் என்று மணி அடிக்கும், பால் குடிப்பான். பிள்ளை வயிறும் கடிகாரமும் ஒன்றாகிவிட்டன என்று பூரித்துப் போனேன்.

ஒரே ஒரு தொல்லை. கடிகாரத்துக்குக் கீழே எப்போது பார்த்தாலும் முக்காலி கிடந்தது. நான் தினம் அதில் முட்டிக்கொண்டேன்.

"இதை ஏன் இங்க போடற? பையன் தவழ ஆரம்பிச்சா இதுமேல ஏறி விழுவான். புள்ளை வளக்குற வீட்டுல ஒரு ஜாக்கிரதை வேணாமா?"

"கடிகாரத்துல ஒட்டடை அடையுதுங்க. ஏறித் துடைக்கிறேன்."

"தெனமுமா?"

"தெனமும் அடையுதே."

நான் வாங்கி வந்த பொருளின் மேல் அவளுக்கு இத்தனை பக்தியா என்று நெஞ்சு குளிர்ந்தது. போ, முக்காலி கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடிகாரம் மட்டும் சில சமயம் ஒரு மாதிரி இருந்தது. உச்சி வெயிலில் மூன்று அடிக்கும். புதுசு, பழகட்டும் என்றேன். சில நாள் ஆபீஸ் கடிகாரம் இதற்குப் பின்னால் கிடந்தது. சில நாள் இரண்டும் ஒன்றாக இருந்தன. ஆபீஸ் கடிகாரம் உத்தியோகத்தில் வைத்தியலிங்கத்தாருக்கு மூத்தது. தப்பு அதில்தான் என்று தீர்மானித்து அவரிடமே சொன்னேன்.

"என்ன காணும், முப்பது வருசமா ஓடுற மணிக்கூடு. இதில பிழை எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"என் மகன் சொன்னான்."

"உம்மட மகன் இன்னும் கதைக்கத் தொடங்கேல்லையே?"

"வயிறு பேசுதுங்களே! மணி அடிக்கிற நேரத்துக்கு அவனுக்குப் பசிக்குது. அதைவிட ருசு என்ன வேணும்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். திருப்பி மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

அந்த வாரம் அவர் ஏதோ சர்க்கார் வேலையாக ஜொகூர் பாருவுக்குப் போனார். ஆபீசும் மணியும் ஒரு நாள் முழுக்க என் பொறுப்பு. மணி என்றால் மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அதைத் தட்டினால்தான் எஸ்டேட்டில் எதுவும் நடக்கும். விடிகாலையில் வெட்டிய மரங்களில் ரப்பர் பால் சொட்டுச் சொட்டாக வடிந்து கப்பில் நிறையும். பதினொரு மணிக்கு மணி அடித்ததும் எல்லாரும் கப்புகளை வாளியில் கொட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். நாம்தான் இனிப் பெரிய கிராணி என்று துரைக்குக் காட்ட இதைவிட நல்ல நாள் கிடைக்குமா?

வெயில் ஏறும் நேரத்தில் காப்பி குடிக்க வீட்டுக்கு ஓடினேன். பின்பக்கம் கால் கழுவினேன். டங் டங் டங் என்று அடித்துக்கொண்டே போயிற்று. எட்டிப் பார்த்தால் முள் பதினொன்றில் நிற்கிறது! புஷ்பம் பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். காப்பி குடிக்காமலே ஆபீசுக்கு ஓடினேன். ஆபீஸ் கடிகாரத்தில் இன்னும் பத்துகூட ஆகவில்லை.

"கிழட்டுக் கடிகாரம்! நல்லவேளை, நான் பாத்தேன்" என்று அதன் முள்ளை முன்னால் தள்ளி வைத்தேன். வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் காளியப்பனைக் கூப்பிட்டு மணியை அடிக்கச் சொன்னேன்.

"ஐயா, நேரம் ஆகலைங்களே. நெழலு இன்னும் நீட்டமா கெடக்கு."

"நெழலுக்குச் சாவி குடுத்தது யாரு, நீயா? அடி."

"கப்புல பாலு இன்னும் சொட்டுதுங்க, ஐயா."

"சொட்டட்டும். மணின்னா மணிதான்."

அடித்தான். அது எட்டுத் திக்கும் கேட்டது. பாதி நிறைந்த கப்பையெல்லாம் ஜனங்கள் கொட்டிக்கொண்டு வந்தார்கள். ஸ்டோரில் வாளிகளை வரிசையாக வைத்தார்கள். எல்லாம் பாதி வாளி.

துரை வந்தார். பின்னால் துரைசானியும் நாய்களும் வந்தார்கள். துரையின் பூட்சில் வெள்ளை வெள்ளையாகச் சொட்டியிருந்தது. கப்பை எடுத்த பிறகும் மரங்கள் நிறுத்தாமல் வடித்து, தரையெல்லாம் பால் கோலம்.

"கிராணி! யாரு மணி அடி?"

"நான்தான் சார். வீட்டுக் கடிகாரம் பதினொண்ணு அடிச்சிது. ஆபீஸ் கடிகாரம் தப்பு. வீட்டுக் கடிகாரம் தப்பாது சார், பிள்ளையே அதைப் பாத்துத்தான் பால் குடிக்குது."

"காட்டு" என்றார்.

வழியெல்லாம் எனக்குத் தைரியம் இருந்தது. கடிகாரம் சாட்சி சொல்லும். உள்ளே போனோம். முக்காலி மூலையில் ஒதுங்கி இருந்தது. புஷ்பம் தலையில் முந்தானை போட்டு, பிள்ளையோடு ஓரமாக நின்றாள். துரை சங்கிலியை இழுத்துத் தன் பையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை.

"இந்தக் கடிகாரம் நல்ல கடிகாரம்" என்றார் துரை. பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் நிறையச் சொன்னார். அதை எழுத மாட்டேன்.

துரைசானி அதற்குள் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பையன் பூசணிக்காய் மாதிரி இருந்தான். கடிகாரப்படிதான் பால் கொடுக்கிறாயா என்று புஷ்பத்திடம் மலாயில் கேட்டார்.

புஷ்பம் அடக்கமாக, கடையில் பேசுகிற மலாயில், "ஆமாம் மேம். இவன் எப்பக் குடிச்சாலும் மணி அடிச்சிருக்கும்" என்றாள்.

"பாகூஸ்! ரொம்ப நல்லது!" என்று துரைசானி கை தட்டினார். ஆயாக்கொட்டகையை மேற்பார்வை பார்க்கிற வேலையை அங்கேயே அவளுக்குக் கொடுத்தார். எந்தப் பிள்ளைக்கு எப்போது பால் என்று இனிப் புஷ்பவள்ளி சொல்வாள். அவள் சொல்லும்போது கிராணி மணி அடித்துத் தாய்மாரைக் கூப்பிட வேண்டும். துரையும் தலையை ஆட்டினார்.

அவர்கள் தலை மறைந்ததும் நான் குதித்தேன்.

"கண்ணால பாத்தேன்! பதினொண்ணு காட்டிச்சு! எப்படி மாறிச்சு?"

"முக்காலி போட்டு ஏறி நாந்தான் முள்ளைத் தள்ளினேன். அவன் பசின்னு சிணுங்குனா முன்னால தள்ளுவேன், மணி அடிக்கும், பால் குடுப்பேன். அப்புறம் தள்ளுன அளவுக்குப் பின்னால தள்ளிருவேன். இன்னிக்கு அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. கொஞ்ச நேரத்துல எஸ்டேட் மணி கேட்டிச்சு. ஐயையோ, இவரு நம்ம கடிகாரத்தைப் பாத்து அடிச்சிட்டாருன்னு ஓடிப் போய்ச் சரி பண்ணினேன்."

"எத்தனை நாளா என்னை ஏமாத்திட்டிருக்கே!"

"நான் எங்க ஏமாத்துனேன்? மணி அடிச்சாத்தான் பால்னு சொன்னீங்க. ஒரு தடவையாச்சும் மணி அடிக்காம குடுத்தேனா?"

"இன்னிக்கு என் மானமே போச்சுடி!"

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்தாள். "பாதி வாளிப் பால் கொறைஞ்சதுக்குத் துரை பூட்ஸோட ஓடி வந்தாரு. அன்னிக்கு இவன் கத்துனானே, யாருங்க ஓடி வந்தா? பெத்தவரு காதுல வெரலை விட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

அதை நினைத்தால் இப்போதும் சுருக்கென்கிறது.

வைத்தியலிங்கத்தார் திரும்பி வந்து நடந்ததைக் கேட்டார். "உம்மை நம்பி மணிக்கூட்டை விட்டிட்டு ஊருக்குப் போகேலாது, காணும்" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேசைக்குள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். பலகை வீடு அத்தோடு சரி. கடிகாரம் ஆயாக்கொட்டகைக்குப் போயிற்று. முக்காலியும் கூடப் போயிற்று. கொட்டகையிலிருந்து பேச்சியம்மாள் கை காட்டுவாள், நான் வெயிலில் ஓடிப் போய்த் தண்டவாளத்தைத் தட்டுவேன். எந்த நேரம் என்று கிடையாது. எந்தப் பிள்ளை சிணுங்குகிறதோ அதுதான் நேரம். துரைசானியோ, தன் கொள்கை ஜெயித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நேற்று அப்படி ஓடி ஓடித் தட்டியதில் எனக்கு நல்ல பசி. கொஞ்சம் முன்னதாகவே வீட்டுக்கு வந்து, இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஆபீஸ்ல சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கலையே" என்றாள் புஷ்பம், அடுப்பைவிட்டுத் திரும்பாமல்.

"பசிக்குதுடி!"

"அடிக்கட்டும், போடறேன்."

எனக்கு வந்ததே கோபம். "பசிக்கிறவனுக்குச் சோறு போடாம மணியா பாக்குற? மணி பாத்துச் சாப்புட நான் என்ன ஆபீஸ்…" என்று ஆரம்பித்தவன், மேலே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.