முப்பதாவது குடத்துத் தங்கம்

கொடுமுடி தங்கச் சித்தரின் தீர்த்தத்தை ஒரே ஒரு சொட்டு நக்கிய காங்கேயம் காளை, மறுநாளே தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டதாம்! வெள்ளகோவிலில் இதை நம்பாதவர் இல்லை. காளைக்குக் கண்ணாடி மாட்டியது யார் என்று கேட்டவரும் இல்லை.

சித்தர் வந்திறங்கிய கல்யாண மண்டபத்துக் கூட்டம் கரூர் ரோடுவரை நீண்டது. சரவணம்பட்டிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்தும் செவ்வந்தி அதை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். பக்தியால் அல்ல. அம்மா பழனியாத்தாள் தீர்த்தத்தை நம்பி நாலு நாளாக இன்சுலினை நிறுத்தியிருந்தாள். சர்க்கரை நானூறைத் தாண்டிவிட்டது.

"ஊசி போட்டுக்கம்மா."

"போ கண்ணு! சாமி தங்கமே குடுக்கறாரு, நீ ஊசியத் தூக்கிட்டு வாரே!"

மேடையில் முப்பது குடம் தண்ணீர். முதல் குடத்தில் ஒரு கிராம் தங்கப் பொடி. அதில் நூறில் ஒரு பங்கை மொண்டு இரண்டாவதில் ஊற்றுவார். இரண்டாவதில் நூறில் ஒரு பங்கு மூன்றாவதுக்கு. இப்படியே முப்பதுவரை. பக்தர்களுக்குக் கடைசிக் குடம் மட்டும்.

"கொறையக் கொறைய வீரியம் கூடும்!" என்றார் சித்தர். (அப்படியானால் காலிக் குடத்தை நக்கினால் சாவே கிடையாது.)

செவ்வந்தி மைக்கைப் பிடுங்கினாள். "ஏனுங்க, சின்னக் கணக்குங்க. நூத்தித் தொண்ணூத்தேழு கிராம் தங்கம் ஒரு மோல். அதுல ஆறுக்குப் பின்னாடி இருபத்துமூணு சைபர் போட்ட அளவு அணு. அப்ப ஒரு கிராமுக்கு, மூணும் இருபத்தொரு சைபரும். குடத்துக்கு ரெண்டு சைபர் காலி. பதினோராவது குடத்துல முப்பதே அணு. பன்னண்டாவதுல ஒண்ணு இருந்தாலே பெருசு. முப்பதாவதுல?"

கூட்டம் விரல் மடக்கியது. விரல் தீர்ந்ததும் கோபம் வந்தது. "சாமிகிட்டயே சைபரா?"

சித்தர் சிரித்தார். "ஆயிரம் டம்ளர் வைய்யி அம்மணி. என் தங்கம் என்னைக் கூப்பிடும்."

ஆறே போதும் என்றாள் செவ்வந்தி. ஒன்றில் முப்பதாவது குடத்துத் தீர்த்தம், மற்ற ஐந்தில் வேறு வேறு தண்ணீர் ஊற்றினாள். எந்தத் தண்ணீர் என்று எழுதி ஒவ்வொரு டம்ளரின் அடியிலும் ஒட்டினாள். பந்தல்காரர் மாரப்பன் வரிசையைக் கலைத்து வைத்தார். முதுகு காட்டி நின்ற சித்தர் திரும்பினார், முகர்ந்தார், உறிஞ்சினார். ஐந்தைத் துப்பினார்: "சீ! செத்த தண்ணி. ஒண்ணுமே இல்ல!" ஆறாவதுக்கு உடம்பு உதறிய உதறலில் வாழைமரத் தோரணம் சரிந்தது.

"இதான் தங்கம்! திருப்பிக் காட்டு தாயி!" என்று, கையெடுத்துக் கும்பிட்டபடி முன்வரிசையில் நின்ற பழனியாத்தாளையே அழைத்தார்.

அவள் திருப்பினாள். படித்தாள்: "சாமி கார் ஏசியில சொட்டுனது."

துப்பிய ஐந்தையும் திருப்பினாள். மூன்றாவதன் அடியில்: "முப்பதாவது குடம்."

"சாமி சொன்னது சரிதானுங்க. அதுல ஒண்ணுமே இல்ல" என்றாள் செவ்வந்தி.

எழுந்த சிரிப்பில் ஊதியூர் மலையே ஒரு அடி நகர்ந்தது. சித்தர் சமையல்கட்டு வழியாகப் பறந்தார். கார்கூட அவருக்குப் பின்னால்தான் ஓடியது.

அப்போதும் ஒருவர் விடவில்லை. "ஏனுங்க பழனியாத்தா, உங்க புள்ள ஏதோ ஏமாத்திப்போட்டாதானே?"

பழனியாத்தாள் மகளிடம் கையை நீட்டினாள். "ஊசியப் போடு கண்ணு." பிறகு கேட்டவரைப் பார்த்தாள். "எதுல வேணாலும் தண்ணி ஊத்துங்க, புத்தியில மட்டும் ஊத்தாதீங்க. என் புள்ள சொல்லியும் நம்பாம நின்னவ நானுங்க. ஆனா திருப்புனது என் கையி, படிச்சது என் கண்ணு. நடந்தது நெசந்தானுங்க."