வயரில்லாக் கந்தோரில் ஒரு நேர்முகம்

எனக்குத் தெரியாத விஷயத்தில்தான் என் குரல் உயரும். (தெரிந்த விஷயங்களில் வாயே திறப்பதில்லை; அப்படித் தெரிந்தவையும் அதிகமில்லை.)

காத்தான்குடியில், வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் சின்னக் கந்தோர் (ஆபீஸ்தான்) ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. புதுக் கணினிகள் வந்திறங்கியிருந்தன.

"தம்பி, இதுகளுக்கு வயர் இழுக்கிறதா, வைஃபை போடுறதா?" என்று கேட்டார் முதலாளி ஹாஜியார்.

"வயரெல்லாம் பழைய காலம் ஹாஜியார். புதுசா பெயின்ற் அடிச்ச சுவத்துல ஆணி அடிக்கப் போறீங்களா?"

பெயின்ற் என்றதும் ஹாஜியார் மடங்கிவிட்டார். கந்தோர் இருந்ததோ வாவியோரத்துப் பழைய கல்வீடு. ஒவ்வொரு சுவரும் ஒரு முழத் தடிப்பு. அதை நான் யோசிக்கவே இல்லை.

முதல் வீடியோ நேர்முகத்துக்கு வந்தவர் என் தங்கச்சியின் மாப்பிள்ளை றிஸ்வான். ஏசி திருத்துபவர். பல மாதமாக வேலையில்லை, தங்கச்சிக்கோ நிறைமாதம். இந்த வேலையும் தவறினால் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்ற பயத்தில் எனக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

அவரைப் பின்னறையில் உட்காரவைத்தோம். கத்தாரிலிருந்த மனேஜர், றிஸ்வானிடம் பெயர் என்ன என்று கேட்டார். கேட்ட வாய் திறந்தபடியே திரையில் உறைந்துபோனார். வைஃபை பெட்டி இருந்தது முன்னறையில். ஹாஜியார் என்னையே பார்த்தார். கூட வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த தங்கச்சி அழத் தொடங்கினாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதன் வயர்கள் பின்னறை வாசலோடு முடிந்தன. (ஆமாம், வயரில்லாத கந்தோருக்கும் வயர் உண்டு என்று அன்றுதான் அறிந்தேன்.) வாசலில் நின்று தலைக்கு மேலே உயர்த்தினேன். மனேஜர் அசைந்தார்! கொஞ்சம் இறக்கினேன், மறுபடி உறைந்தார்.

"காக்கா, கையை இறக்கிராதீங்க!" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள் தங்கச்சி. (எங்களூரில் காக்கா என்றால் அண்ணன்.)

"இறக்கல்ல புள்ள, நீ சத்தம் போடாத!"

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதிக்கொண்டு நின்றேன். அப்போது மனேஜர் பேச்சை நிறுத்தி, பின்னால் கையைத் தூக்கி நிற்பவர் யார், ஏதும் பிரச்சினையா என்று இங்கிலீசில் கேட்டார்.

"பிரதர் இன் லோ, சேர். நெட்வேர்க்," என்றார் றிஸ்வான், திரும்பியும் பாராமல்.

மனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வேலையும் கொடுத்தார்.

மறுநாள் ஹாஜியார் சுத்தியலோடு வந்தார். "என்ன தம்பி, ஆணி அடிப்பமா?" என்றார். நான் ஏணியைப் பிடித்தேன்.

றிஸ்வான் இன்னும் கத்தாரில்தான். வீடியோ அழைப்பில் அவர் உறைந்துபோனால் அவர் மகள் ஓடிவருவாள்: "மாமா, கொஞ்சம் எழும்பி கையைத் தூக்குங்க, வாப்பா நிண்டுட்டாரு!" வீடே சிரிக்கும். நானும் கோபம் வந்தவனைப்போல முணுமுணுத்துக்கொண்டே எழும்பிக் கையைத் தூக்குவேன். சில நேரம் அவர் அசைந்தும் விடுகிறார்.