ரோமாபுரிப் பன்றி

திரையில் பன்றி வந்தது. வெள்ளைத் துணியை ரோமானியப் பிரபு மாதிரி தோளில் சுற்றிக்கொண்டு, விருந்துக் கூடத்தில் ஒய்யாரமாக நடந்து வந்தது. உட்கார்ந்திருந்தவர்களின் தட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. போட்டுக்கொண்டே ஒருபக்கமாகச் சிரித்தது.

மெர்வின் ஹாட்லி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

"நிறுத்து, நிறுத்து!" என்றான்.

இனெஸ் படத்தை நிறுத்தினாள். அவள் அந்த ஸ்டூடியோவின் எடிட்டர். சியோலிலிருந்து வந்து இறங்கும் படத்தை முதலில் பார்ப்பவர்கள் அவளும், கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து அங்கே அனுப்பிய மெர்வினும்தான். திரையில் பன்றி வாயில் கோழிக்காலோடு அப்படியே நின்றது.

"கதையில பன்றியே கிடையாதே?"

"கிடையாது."

"பின்னே எங்கேருந்து வந்துச்சு?"

"நான் ஓரத்துல சும்மா கிறுக்கி வச்சேன். அழிக்க மறந்துட்டேன். அவங்க வரைஞ்சுட்டாங்க."

சியோல்காரர்கள் அப்படித்தான். அமெரிக்காவின் பர்பாங்கிலிருக்கும் இந்த ஸ்டூடியோவிலிருந்து போகும் காகிதத்தில் என்ன இருக்கிறதோ, அதைத் துளி பிசகாமல் வரைந்து வண்ணம் தீட்டி அனுப்புவார்கள். முன்பு ஒரு தடவை மெர்வினின் காப்பிக் கோப்பை பதித்த வட்டக் கறை நிலாவாக உதித்து வந்திருந்தது. அது பகல் காட்சி.

இனெஸ் பன்றியைப் பார்த்தாள். மெர்வினைப் பார்த்தாள். மறுபடி பன்றியைப் பார்த்தாள்.

"இதை வரையறதுக்கு ரொம்பத் தைரியம் வேணும் மெர்வின்," என்றாள் மெதுவாக.

"நீ வேற கிண்டல் பண்ணாதே. பாஸ் பார்த்தா என்ன ஆகும்?"

"அவர் என்ன சொல்லப் போறார்? அவருக்குத் தெரியாததா இது?"

மெர்வினுக்குக் காது மடல் வரை சூடேறியது. இவளுக்கே ஒரு பார்வையில் அடையாளம் தெரிந்துவிட்டதே!

விஷயம் இதுதான். காலம் தாண்டும் ஐஸ்கிரீம் வண்டியைப் பற்றி வந்த மூன்று சினிமாக்களும் சக்கைப் போடு போட்டவை. அந்த வண்டியை வைத்துச் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் தொடர் பண்ணுவதென்று டிவிக்காரர்கள் முடிவு செய்தார்கள். வேலை ஹாங்க் பெல்லாமியின் ஸ்டூடியோவுக்கு வந்தது. சினிமாவில் நடித்த நட்சத்திரங்களில் ஒருவர்கூடக் குரல் கொடுக்க ஒப்பவில்லை. சினிமாவிலிருந்து கார்ட்டூனுக்கு வந்து சேர்ந்தது வண்டியின் மணிச்சத்தம் மட்டும்தான்.

வண்டி ரோமாபுரிக்குப் போகிற கதைக்கு மெர்வின் ஒரு ரதப் போட்டி வரைந்திருந்தான். ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தது. பெல்லாமி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரமாதம்ப்பா. ஆனா ஒரு குதிரைக்கு நாலு கால். நாலு குதிரைன்னா பதினாறு. அத்தனை காலை யார் வரையறது? ஒரு கழுதை போதும்," என்றார்.

அதைக்கூட மெர்வின் பொறுத்துக்கொண்டான். அன்று மத்தியானம் சாப்பிடும்போது, பெல்லாமி பேசிக்கொண்டே கையை நீட்டி, மெர்வினின் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்கு வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் குதிரையையும் தின்றாய், என் கிழங்கையும் தின்கிறாயா?

கார்ட்டூன் வரைகிறவர்கள் எல்லோருடைய மேஜையிலும் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். கோபமான முகம் வேண்டுமென்றால் கண்ணாடியைப் பார்த்துக் கோபப்பட்டு அதை வரைய வேண்டும். தொழில் அப்படி. மெர்வின் பெல்லாமி மாதிரி உதட்டைச் சுழித்தான், பெல்லாமி மாதிரி கன்னத்தை உப்பினான், விருந்துக் காட்சியின் ஓரத்தில் ஒரு பன்றியை வரைந்தான். பெல்லாமியின் மூக்கு ஒன்றும் பெரிய மூக்கில்லை. கோபத்தில் வரைந்தபோது அது பூசணிக்காயாக வந்து விழுந்தது. வயிறு குலுங்கச் சிரித்தான். பார்சல்காரன் வந்தான், காகிதக் கட்டு போய்விட்டது.

இப்போது அதை நினைத்தால் மெர்வினுக்கு உடம்பே கூசியது. முன்பு வேலை பார்த்த கம்பெனி மூடிப்போய், எல்லோரும் கையை விரித்தபோது கூப்பிட்டு வேலை கொடுத்தவர் பெல்லாமி. மெர்வினின் மனைவி நாடீனுக்கு ஆபரேஷன் ஆனபோது, "நீ வீட்ல இருந்தே வரை, போதும்," என்று சொன்னதோடு நிற்காமல், பாத்திரத்தில் சூப்பு எடுத்துக்கொண்டு மழையில் வந்து வாசலில் நின்றவர். அந்த மனுஷனைத்தான் துணி சுற்றிய பன்றியாக்கி, அமெரிக்கப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காட்டப் போகிறோம். வேலை போவது இருக்கட்டும். அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

"வெட்டி எறி," என்றான் இனெஸிடம்.

"வெட்டினா நேரம் குறையும். டிவிக்காரங்க குறைச்சலா வாங்க மாட்டாங்க."

"வண்டி கடைத்தெருவுல போற காட்சி இருக்குல்ல? அதைத் திரும்பப் போட்டு நிரப்பு."

நிரப்பினாள். ஐஸ்கிரீம் வண்டி ரோமாபுரிக் கடைத்தெருவில் மணியடித்துக்கொண்டு போனது. ரொட்டிக்காரன் ஒருவன் பயந்து கூடையோடு விழுந்தான். மறுபடி வண்டி போனது, மறுபடி விழுந்தான். இன்னொரு தடவை போனது. ரொட்டிக்காரன் எழுந்திருக்கக்கூட நேரமில்லாமல் விழுந்தான்.

"டிவி ரிப்பேர்னு நினைச்சுப் பிள்ளைங்க டப்பாவைத் தட்டப் போகுதுங்க," என்றாள் இனெஸ்.

மெர்வினுக்குக் கவலை வந்தால் பசி வந்துவிடும். எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து, கையில் முதலில் அகப்பட்டதைத் தின்றான். அது ஐரீனுடைய மீன் சாண்ட்விச். ஐரீன், கார்ட்டூனில் யாருக்கு என்ன நிறச் சட்டை என்று முடிவு செய்கிற அம்மாள். ஸ்டூடியோவிலேயே வயதில் மூத்தவள். பாதியோடு நிறுத்தி, மீதியைப் பழையபடி காகிதத்தில் சுற்றி வைத்தான். அந்த அளவுக்கு அவனுக்கு நாகரிகம் உண்டு.

சாயங்காலம் சியோலுக்குப் போன் போட்டான். அங்கே மேற்பார்வை பார்க்கும் மிஸ்டர் குவோனை அவன் நேரில் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம்.

"மிஸ்டர் குவோன், ரோம் கதையில ஒரு பன்றி வருதே, அதுக்கு மட்டும் மூஞ்சியை மாத்தணும்."

"ஐயையோ, ஏன் சார்? எங்க ஆளுங்களுக்கு அந்தப் பன்றின்னா உசிரு! அவ்வளவு உயிரோட்டமா வரைஞ்சிருந்தீங்க. இனிமே எல்லாக் கதையிலயும் வர்ற ஆளு போலிருக்குன்னு நினைச்சு, எகிப்து கதையில கூட்டத்துல சேர்த்துட்டோம். டைனோசர் கதையிலயும் வர்றாரு."

"டைனோசர் காலத்துல பன்றி ஏதுங்க?"

"ஐஸ்கிரீம் வண்டி மட்டும் ஏது சார்?"

மெர்வின் போனை வைத்துவிட்டுப் போய் மீதிச் சாண்ட்விச்சையும் தின்றுவிட்டு வந்தான்.

மறுநாள் காலை பெல்லாமி அவன் மேஜைக்கே வந்துவிட்டார். "ரோம் வந்துடுச்சாமே? போட்டுப் பார்த்துடலாமா?"

"அது வந்து பாஸ்... வர்ற வழியில நனைஞ்சு போச்சு."

"படமா?"

"ஆமா. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிக்கவே முடியல."

வாயிலிருந்து வந்த பிறகுதான், எப்பேர்ப்பட்ட பொய் என்று அவனுக்கே உறைத்தது. பெல்லாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அவன் தோளில் கை வைத்தார்.

"நீ எதுக்குப்பா முகத்தை இப்படி வச்சிருக்கே? உன் தப்பா இது? வீட்ல நாடீன் நல்லா இருக்காங்கல்ல? நீ விடு, சியோல்ல நான் சாயங்காலம் பேசிக்கறேன்."

பேசினார். பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"நல்ல மனுஷன்யா அந்த குவோன். தான் கட்டி அனுப்பினது நனைஞ்சுடுச்சுன்னு கேட்டு அப்படியே இடிஞ்சு போயிட்டார். வேற பிரதி எடுத்துக்கிட்டு அவரே பிளேன்ல கிளம்பி வர்றாராம். என்னவோ பன்றி, பன்றின்னார், எனக்கு ஒண்ணும் புரியல. வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்."

மெர்வின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். ஒரு கிறுக்கலை மறைக்கப் போய், எந்தத் தப்பும் செய்யாத ஒருவரைக் கடல் தாண்டி மன்னிப்புக் கேட்க வரவழைத்தாயிற்று. வெட்கம் என்றால் சாதாரண வெட்கமா? எதிரே இருந்த கண்ணாடியைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

அடுத்த நாள் அவன் மேஜையில் ஒரு பொட்டலம் இருந்தது. ஐரீன் பக்கத்தில் நின்றாள்.

"இந்தா ராசா, மீன் சாண்ட்விச். இது முழுசா உனக்கே உனக்கு. இனிமே தினம் ஒண்ணு சேர்த்துக் கட்டிட்டு வர்றேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே, என்ன?"

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாள். மெர்வின் எடிட்டிங் அறைக்கு ஓடினான்.

"இனெஸ்! யார்கிட்டயாவது பன்றியைக் காட்டினியா?"

"ஐரீன்கிட்ட மட்டும்தான். பாவம், அவ கண் கலங்கிட்டா."

கலங்காமல் என்ன செய்வாள்? இருபது வருஷமாக பெல்லாமியோடு இருக்கிறவள் அவள். அப்படியிருந்தும் நமக்குச் சோறு கட்டிக்கொண்டு வருகிறாள் என்றால், வேலை போகப் போகிறவனுக்குக் கடைசியாக வயிறாரப் போடுகிறாள் என்றுதானே அர்த்தம்? மெர்வின் அந்தச் சாண்ட்விச்சை அழாக்குறையாகத் தின்றான். நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. சின்னத் திரையரங்கில் எல்லோரும் கூடிவிட்டார்கள். பெல்லாமி ஒரு பெட்டி டோனட் வாங்கி வைத்திருந்தார். விமான நிலையத்திலிருந்து வந்த மிஸ்டர் குவோன், படச்சுருளை நேராக மேலே படம் ஓட்டும் அறையில் இனெஸிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொன்னாராம்.

மெர்வினால் தாங்க முடியவில்லை. முன்வரிசைக்குப் போனான்.

"பாஸ், ஒரு விஷயம். படம் நனையவே இல்ல. நான் பொய் சொன்னேன்."

"என்னது?"

"இதுல ஒரு பன்றி வரும். நான்தான் வரைஞ்சேன். ஏதோ கோபத்துல வரைஞ்சுட்டேன். நீங்க மழையில சூப்பு கொண்டு வந்தவர்..." டோனட் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு ரொம்ப வெட்கமா இருக்கு பாஸ். படம் முடிஞ்சதும் மேஜையைக் காலி பண்ணிடறேன்."

பெல்லாமிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "இப்படி உட்காரு. முதல்ல பார்ப்போம்," என்று அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மறுபக்கத்தில் ஐரீன் தட்டில் ஒரு டோனட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு அணைந்தது. பின்னால் கதவு திறந்து மூடியது. யாரோ இருட்டில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். வண்டி ரோமாபுரியில் வந்து நின்றது. கழுதை வந்தது. விருந்துக் கூடம் வந்தது. மெர்வின் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

பன்றி வந்திருக்க வேண்டும்.

முதலில் பெல்லாமியின் நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் அவருடைய தோள் குலுங்கியது. அப்புறம் அவர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததும் அரங்கமே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெர்வினைத் தோளோடு சேர்த்து அணைத்தார்.

"அட பைத்தியக்காரா, இதுக்கா இவ்வளவு தவிச்சே? இப்படி வரையறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்! எனக்கெல்லாம் வராதுப்பா. பன்றி இருக்கட்டும். எல்லாக் கதையிலயும் இருக்கட்டும்!"

மெர்வினுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தன்னைப் பன்றியாக வரைந்தவனைக் கட்டிப்பிடித்துக்கொள்கிற முதலாளி உலகத்தில் வேறு எங்கே கிடைப்பார்? இவரையா அப்படி நினைத்தோம்? இனி ஆயுள் முழுக்க இவர் கழுதை என்றால் கழுதைதான், குதிரைப் பேச்சே எடுப்பதில்லை. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. இறங்கியதும் அவனுக்குப் பயங்கரமாகப் பசித்தது. இருட்டில் கை தானாகப் பக்கவாட்டில் போனது. மெத்தென்று ஏதோ அகப்பட்டது. வாயில் வைத்தான்.

விளக்கு எரிந்தது.

கடைசி வரிசையிலிருந்து, சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு மெலிந்த மனிதர் எழுந்து வந்தார். பெல்லாமி கையை நீட்டிக்கொண்டு எழுந்தார். "வாங்க, வாங்க மிஸ்டர் குவோன்! நான்தான்..."

குவோன் அவருக்கு மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டு, அவரைத் தாண்டி நேராக மெர்வினின் முன்னால் வந்து நின்றார். மெர்வினின் வாயில் பாதி டோனட் இருந்தது. பக்கத்தில் ஐரீன் காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குவோன் அவன் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

"உங்களை யாரும் எனக்குக் காட்டவே வேண்டாம், மிஸ்டர் ஹாட்லி! எங்க ஊர்ல எல்லாரும் இத்தனை நாளா உங்க மூக்கைத்தானே வரையறோம். எடுத்தது இந்த அம்மாவோட தட்டுலேருந்துதான்னு மட்டும் பார்த்து உறுதி பண்ணிக்கிட்டேன்."