தள்ளு சாரின் சைக்கிள்

நடப்பதற்காகவே சைக்கிள் வாங்கிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் தள்ளு சார்தான்.

நீலகிரி மலையில் மஞ்சூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் நானும் அவரும் கிளார்க்குகள். கோயமுத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவர், பெட்டி படுக்கையோடு சைக்கிளையும் பஸ்மேல் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். குடியிருப்பிலிருந்து ஃபேக்டரிக்கு ஒரே ஏற்றம். ஆடுகூட நடுவில் நின்று யோசிக்கும். அதில் தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறுவார். சாயங்காலம் இறக்கம், அப்போதும் தள்ளல்தான்.

"ஏனுங்க சார், வெறுங்கையை வீசிட்டு நடக்கலாமில்லீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெறுங்கையோட நடந்தா வேகமாப் போயிருவனுங்க. இதைத் தள்ளுனாத்தான் நாலு பேர்கூடப் பேசிட்டே போக முடியுது."

உண்மைதான். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் சோற்றுத் தூக்குப்போசிகளை ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவார்கள். கேரியரில் யாருடையதோ முட்டைக்கோஸ் இருக்கும். பனிமூட்டத்தில் முகங்கள் தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் மேகத்துக்குள் ஏறிப் போகும். பாதித் தூக்கத்தில் மிதப்பதுபோல் நானும் பின்னால் போவேன்.

ஒருநாள் வளைவில் திரும்பிய சுற்றுலாக் கார் எங்களோடு நடந்துவந்த செல்வியக்காவை இடித்துக் கீழே தள்ளியது. கொழுந்து பறிக்கிற கை முறிந்துபோனது. மறுநாள் சார் மேனேஜரிடம் போய், தோட்டத்துக்குள் பூட்டிக் கிடந்த பழைய பாதையைத் திறந்துவிடச் சொன்னார்.

"செடியெல்லாம் பாழாயிரும். அதான் ரோடு இருக்கே?" என்றார் மேனேஜர்.

"இருக்குதுங்க. நாளைக்கு எங்ககூட அதுல ஒருக்கா நடந்து பாருங்க."

மேனேஜர் ரோஷக்காரர். ஜீப்பை அனுப்பிவிட்டு நடந்தார். முதல் வளைவிலேயே பனிக்குள்ளிருந்து ஒரு ஹாரன் அலறியது. நாங்கள் நிதானித்துப் பார்த்தபோது மேனேஜர் தேயிலைச் செடிக்குள் இருந்தார். தொப்பி மட்டும் வெளியே தெரிந்தது.

"பார்த்துங்க சார், செடி பாழாகுது," என்றார் தள்ளு சார், நிஜமான கவலையோடு.

அந்த வாரமே பாதை திறந்தது. அப்புறம்தான் பார்த்தோம், வழி முழுக்கப் படிகள். சைக்கிள் ஏறாது.

"நீங்கெல்லாம் போங்க. நான் ரோட்டுலயே வந்தர்றேன்," என்று ஒதுங்கினார் சார்.

கட்டுப்போட்ட கையோடு பாதையைப் பார்க்க வந்திருந்த செல்வியக்கா விடவில்லை. "உங்களைத் தனியா உட்டுட்டா? ஆளுக்கொரு பக்கம் புடிங்க!"

அன்றிலிருந்து சாமி புறப்பாடுபோல அந்தச் சைக்கிள் எங்கள் தோள்களில் பனிக்குள் ஏறியது. சார் கைகளைப் பிசைந்தபடி பின்னால் வருவார்.

போன வருஷம் ரிட்டயராகிக் கோயமுத்தூர் போய்விட்டார். சென்ற வாரம் போன் செய்தேன்.

"சைக்கிள் நல்லா ஓடுதுங்களா சார்?"

"அருமையா ஓடுதுங்க. அதுதான் சங்கடம். இங்க ஏத்தமே இல்லை. ஏறி உக்காந்தா எல்லாத்தையும் தாண்டிப் போயிருது. பேச ஆளில்லீங்க."

ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தின்மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"இங்க ஏத்தமெல்லாம் அப்படியேதான் இருக்குதுங்க சார்," என்றேன். "வந்துருங்க. மெதுவாவே போலாம்."