எத்தியோப்பியாவில் இப்போது 1967

எத்தியோப்பியா,
ஜூன் 1975

மதிப்பிற்குரிய மாமா அரசப்பன் அவர்களுக்கு,

அக்கா நீலாம்பாளை உங்களுக்குக் கட்டிக்கொடுத்த நாள் முதல் உங்கள் சொல்லைத் தட்டாத மைத்துனன் வீரையன், இவ்வளவு தூரத்திலிருந்து காலில் விழ வழியில்லாமல் இந்தக் காகிதத்திலேயே விழுந்து எழுதிக்கொள்வது. நான் சுகம். நீங்கள், அக்கா, பிள்ளைகள், என் வீட்டுக்காரி அம்சம், புதிதாக வாங்கிய எருமை, எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இருக்கிறேன். பாபநாசத்தில் டுடோரியல் நடத்தும் பஞ்சநாதன் சாரைப் பார்த்து, இங்கிலீஷ் கிராமர் எடுக்க எனக்கு ஓர் இடம் உண்டா என்று நயமாகக் கேட்டு வையுங்கள். நம் தெருவின் முதல் எம்.ஏ., மாலை போட்டு அனுப்பிய ஆள், ஒரு வருஷம்கூடத் தாங்காமல் வருகிறானே என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் நிலைமையைக் கேட்டால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

வந்து இறங்கியதும் தலைமை ஆசிரியர் "நாளை இரண்டு மணிக்கு முதல் வகுப்பு" என்றார். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு போனால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. இந்த நாட்டில் சூரியன் கிளம்பிய பிறகுதான் கடிகாரம் எண்ண ஆரம்பிக்குமாம், அவர்களுடைய இரண்டு மணி நமக்குக் காலை எட்டு. சரி, அதற்கடுத்த நாள் எட்டு மணிக்கே வகுப்பில் நின்றேன். ஏழாம் வகுப்பு என்றார்கள், பாதிப் பேருக்குத் தாடி இருந்தது. பாடத்தை நடத்தி முடித்து, புரிந்ததா என்று கேட்டேன். மொத்த வகுப்பும் 'ஹக்' என்று மூச்சை உள்ளே இழுத்தது. எனக்குப் பின்னால் பாம்பு வந்துவிட்டது என்று நினைத்து மேஜை மேல் ஏறிவிட்டேன் மாமா. அன்று மாலை பள்ளிக்கூடக் காவலாளி தெஸ்பாயேயிடம், வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டேன். அவனும் அதேபோல இழுத்தான். பாவம், இளைப்பு நோய் என்று எண்ணி, அம்சம் கொடுத்தனுப்பிய தைலத்தை அவன் நெஞ்சில் தேய்த்துவிட்டேன். மரியாதை தெரிந்த மனிதன், பேசாமல் நின்றான். நாகப்பட்டினத்து மீரா சாகிப் என்று ஒரு கணக்கு வாத்தியார் இங்கே பல வருஷமாக இருக்கிறார். அவர்தான் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"தம்பி, அது இளைப்பு இல்லப்பா. இந்த ஊர்ல 'ஆமா'ன்னு சொல்றது அப்படித்தான். விடு, அவன் தோல் உரிஞ்சிடப் போவுது."

இதைவிடப் பெரிய கூத்து, கரும்பலகையில் தேதி எழுதப் போனபோது நடந்தது. நான் எழுதிய வருஷத்தை ஒரு பையன் அடக்கமாக வந்து அழித்துவிட்டு 1967 என்று எழுதினான். இவர்கள் பஞ்சாங்கம் நம்முடையதற்கு ஏழெட்டு வருஷம் பின்னால் வருகிறதாம். 1967 மாமா. நம் ஊரில் ஆட்சி மாறி, நீங்களும் நானும் பாபநாசம் கடைத்தெருவில் கொடி பிடித்துக்கொண்டு தொண்டை கட்டும் வரை கத்திய வருஷம். அப்படியானால் அதற்கு அடுத்த வருஷ மார்கழியில் வெண்மணியில் எரிந்த குடிசை இங்கே இன்னும் எரியவில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

இவர்களுடைய அந்த 1967-இல்தான் ஒரு பெரிய காரியம் நடந்தது. நான் வருவதற்குச் சற்று முன்புதான் இந்த நாட்டு ராஜாவை இறக்கிவிட்டு ராணுவத்தார் உட்கார்ந்திருந்தார்கள். மாசி மாதத்தில் ஒரு நாள் ஊரே சந்தைத் திடலில் கூடியது. டீக்கடை ரேடியோவை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். மீரா சாகிப் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்: நிலம் இனிமேல் உழுகிறவன் கையில், யாரும் யாருக்கும் விளைச்சலில் வாரம் அளக்க வேண்டாம். நம் ஊரில் சுவரில் எழுதி, மழையில் கரைந்து, திரும்ப எழுதுகிற வாசகத்தை ஒருவர் சட்டமாக வாசிக்கிறார். வாசித்து முடிந்தது. பிறகு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். திடலில் இருந்த காற்றெல்லாம் அவர்கள் நெஞ்சுக்குள் போய்விட்டது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியர் என்னை வண்டி மேல் ஏற்றிவிட்டார். இந்தியாவிலிருந்து வந்தவர் பேசுவார் என்றார். நடுக்கத்தில் எனக்குப் பொய் வரவில்லை. எங்கள் ஊரில் நில உச்சவரம்புச் சட்டம் வந்து வருஷம் பல ஆயிற்று, நிலம் மட்டும் இன்னும் வரவில்லை, மிராசுதார்கள் பிறக்காத பேரன் பெயரில்கூட எழுதி வைத்திருக்கிறார்கள், என் மாமாவின் குத்தகை வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகப் போகிறது என்று இங்கிலீஷில் சொன்னேன். மீரா சாகிப் அவர்கள் பாஷையில் சொன்னார். பெண்கள் குலவை போட்டார்கள் மாமா, நம் நடவுப் பெண்கள் போடுகிற அதே குலவை. இறங்கியதும் கேட்டேன்.

"பாய், அழ வேண்டிய விஷயத்துக்கு ஏன் குலவை போடுறாங்க? என்ன சொன்னீங்க?"

"இந்தியா பூரா சந்தோஷப்படுதுன்னு சொன்னேன். நீ சொன்னதை அப்படியே சொன்னா, இவங்க சட்டத்தையும் சந்தேகப்பட ஆரம்பிச்சிடுவாங்க தம்பி. ஒரு நாளாவது நிம்மதியா இருக்கட்டும்."

அதிலிருந்து என்னை இந்திய சர்க்காரே அனுப்பிய ஆள் என்று நம்பிவிட்டார்கள். போன வாரம் நிலத்தைப் பிரிக்கும்போது, அளக்கிற கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் எதற்கு என்றேன். "உனக்கு இந்த ஊர்ல மாமனும் இல்ல, மச்சானும் இல்ல. கயிறு எந்தப் பக்கமும் சாயாதுல்ல" என்றார் மீரா சாகிப். மழைச் சேற்றில் இரண்டு தடவை விழுந்தேன், கோட்டு போயிற்று. கயிற்றை மட்டும் விடவில்லை. ஊரின் பெரிய வீட்டு ஜன்னலில் ஒரு திரை விலகுவதும் மூடுவதுமாக இருந்தது. தெஸ்பாயேயின் பங்கை அளந்து கல் நட்டபோது அவன் அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தான், உட்கார்ந்தான், எழுந்தான். பிறகு என்னிடம் ஏதோ கேட்டான். "உங்க அப்பாவுக்கு எவ்வளவு நிலம்னு கேக்குறான்" என்றார் மீரா சாகிப்.

ஒரு குழி நிலம்கூடத் தன் பெயரில் இல்லாமல், பண்ணையிலேயே வேலை செய்து செத்தவர் அப்பா. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சுத்தான் உள்ளே இழுத்துக்கொண்டது. இந்த ஊரில் அதற்கு அர்த்தம் 'ஆமாம், நிறைய' என்பதாகிவிட்டது. தெஸ்பாயே சந்தோஷமாக என் தோளில் தட்டினான்.

அன்று முதல் வகுப்பில் எனக்கு வாய் எழவில்லை மாமா. இவ்வளவு பெரிய காரியம் கண்ணெதிரே நடக்கும்போது, எந்தச் சொல்லுக்கு முன்னால் 'ஏ' போடுவது, எதற்கு முன்னால் 'தி' போடுவது என்று பாடம் நடத்த வெட்கமாக இருக்கிறது. ஆகவேதான் புறப்படுகிறேன். தலைமை ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். அம்சத்திடம், அழ வேண்டாம், வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லுங்கள். ஆற்றில் தண்ணீர் திறந்து, நாற்று தழைத்து, வழக்கும் உங்கள் பக்கம் தீர வேண்டும் என்று வேண்டும்,

தங்கள் மைத்துனன்
வீரையன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பஞ்சநாதன் சாரிடம் சொல்ல வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் என் வகுப்புத் தாடிக்காரர்கள் எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். இருப்பதிலேயே உயரமான பெக்கலே பேசினான்: "சார், யூ கோயிங் மீன்ஸ், ஹூ வில் கம் சார்? லிட்டில் அட்ஜஸ்ட், சார்." மற்றவர்களும் "யெஸ் யெஸ், டூ ஒன் திங், சார், யூ ஸிட்" என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு மாமா. மீரா சாகிப் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த மலை ஊரில் ஒரு வகுப்பு முழுக்க இப்படிப் பேசக் கற்றிருக்கிறது, இது யார் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் என்று நாளைக்கு யாராவது வந்து கேட்டால் பதில் சொல்ல நான் இருக்க வேண்டாமா? இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்சத்தைப் பம்பாய் வரை கொண்டுவந்து விமானம் ஏற்றிவிடுங்கள். புளி நிறையக் கொடுத்தனுப்புங்கள்.