தண்ணீர்ப் பந்தலுக்குப் போன நெற்கூரை

ஜார்ஜ்டவுன், பினாங்கு
பிப்ரவரி 4

அன்புத் தம்பி ஷேக் அலாவுதீனுக்கு,

உன் லாத்தா ஆசியா பீவியின் ஸலாம். இங்கு நான் நலம். அங்கு நீயும் உன் இரத்த அழுத்தமும் ஒருவரையொருவர் அனுசரித்து நடந்துகொள்வதாக உன் மகள் ஹன்னா சொன்னாள். அவ்வாறே தொடர அல்லாஹ் அருள்வானாக.

மரியாதைகள் முடிந்தன, விஷயத்துக்கு வருகிறேன். சுங்கை பாக்காப்பில் உனக்குள்ள மேட்டு நிலத்தில், ஒரே ஒரு வரிசை நெல்லாவது இருபத்தொரு நாள் தண்ணீரில்லாமல் தாக்குப்பிடித்தால் நிலம் என் ஆராய்ச்சிக்கு, இல்லையென்றால் மார்ச்சில் டுரியான் கன்று என்று பேசி முடித்திருந்தோம். இருபத்தொரு நாள் என்று வாய்விட்டவள் நான்தான், மறுக்கவில்லை. அந்தச் சோதனை பாழாகிவிட்டது. நீ வேறு யாரிடமாவது கேட்டுச் சிரிப்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

வாய்க்கால் இல்லாமல் வானத்தை மட்டும் நம்பி மேட்டில் விளைகிற நெல்லுக்கு, கதிர் வெளிவரும் வாரங்களில் மழை தவறினால் அந்த ஆண்டு விளைச்சலே இல்லை. அந்த வாரங்களைத் தாங்கும் ரகத்தைத் தேடித்தான் ஓய்வுபெற்ற பின் பதினோரு ஆண்டுகளாக ரகங்களை ஒட்டுச் சேர்த்து, விதைத்து, கழித்து, பதினெட்டு வரிசைக்கு வந்து சேர்ந்திருந்தேன். பினாங்கில் வறட்சி வேண்டுமென்றால் அதை நாமே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதால், மழை விழாதபடி குழாய்க் கால் நட்டு பிளாஸ்டிக் கூரையும் போட்டேன். எட்டாம் நாள் இலைகள் சுருளத் தொடங்கியதும் நிலத்தை ஒட்டிய வீட்டுச் சாந்தினி வாளியோடு வந்து நின்றாள். "பாவம்லா டாக்டரம்மா, இப்படி வாடிப் போய் நிக்குது. ஒரு வாளி ஊத்துனா யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். நெல்லுக்குத் தெரியும் என்றேன். "தண்ணி ஊத்தாம சாவடிக்கவா யூனிவர்சிட்டில அத்தன வருசம் படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு வாளியோடு திரும்பிப் போனாள். முப்பது ஆண்டுப் பணியில் எந்த ஆய்வுக் குழுவும் என்னை இவ்வளவு தெளிவாகக் கேள்வி கேட்டதில்லை.

பதினாறாம் நாள் தைப்பூசம். காலையில் போய்ப் பார்க்கிறேன்: நெல் இருக்கிறது, கூரை இல்லை, கால் நட்ட குழிகள் மட்டும் இருக்கின்றன. சாந்தினியின் கணவர் சுகுமாரன் பத்து காவான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், பொறுப்பானவர். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டால் பின்னணியில் உருமி மேளம் கேட்கிறது. "கோவிச்சுக்காதீங்கம்மா, எங்க கம்பெனிப் பசங்க தண்ணீர்ப் பந்தலுக்கு எங்கயும் கெமா கூடாரம் கிடைக்கல, சீனப் பெருநாளுக்கு எல்லாம் புக்காயிடுச்சு. உங்களுது ரெண்டு வாரமா சும்மாதானே நிக்குது? ஒரு சொட்டு மழ இல்லயே! நாளைக்கு லோரில கொண்டாந்து வச்சிர்றேன்லா" என்றார். மழை வராதபோது குடை எதற்கு என்கிற தர்க்கம். பாலம் கடந்து தீவுக்கு வந்து, காரை எங்கோ விட்டுவிட்டு, காவடிகளுக்கிடையில் ஒன்றரை மணி நேரம் நடந்து, அவர்கள் பந்தல் போட்டிருந்த தண்ணீர்மலை முருகன் கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்தேன். என் கூரை அங்கே மாவிலைத் தோரணத்தோடு ஜம்மென்று நின்றது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ, "மொதல்ல உக்காருங்கம்மா, வேர்த்துப் போயிருக்கீங்க" என்று நாற்காலி போட்டு மோரைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கையில் அவர்கள் மோரை வைத்துக்கொண்டு அவர்களையே திட்டுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சாந்தினி வீட்டிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். "டாக்டரம்மா, நல்ல சேதி! இங்க மழ கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. உங்க நெல்லு பொழச்சிருச்சு!" சற்று நேரத்தில் அதே மழை மலைக்கும் வந்தது. என் மேல் ஒரு சொட்டு விழவில்லை. கூரையின் தரத்தைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் கிடையாது; மோரும் நன்றாகவே இருந்தது, மூன்று தம்ளர் குடித்தேன்.

ஆக, ஐந்து நாள் குறைகிறது. பதினெட்டில் எது தேறியிருக்கும் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தோற்றேன் என்று சொல்லவில்லை, முடிவு கிடைக்கவில்லை என்கிறேன். இன்னும் ஒரே ஒரு பருவம் பொறுத்துக்கொள். அதன் பின் நீ எதை நட்டாலும் ஏனென்று கேட்கமாட்டேன்.

உன் மனைவி மக்கள் அனைவருக்கும் என் துஆ உண்டு. டுரியான் கன்றுகளுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
ஆசியா பீவி

பின்குறிப்பு: பன்னிரண்டு நாளாக இக்கடிதம் என் கைப்பையிலேயே கிடந்தது. மறதி என்று எண்ணிவிடாதே, சோம்பல். மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. இன்று பயிரைப் பிடுங்கி எறியப் போனேன். பதினேழு வரிசைகள் வறட்சியிலேயே அவசரப்பட்டுக் கதிர் தள்ளி, மொத்தமும் பதராக நிற்கின்றன. ஒன்பதாம் வரிசை மட்டும் கதிரை உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்து, அந்த மழைக்குப் பிறகு வெளியே விட்டுப் பூத்து நிற்கிறது. இருபத்தொரு நாளும் நான் பிடிவாதம் பிடித்திருந்தால் அதையும் கொன்று, தேறாத ரகம் என்று எழுதி வைத்திருப்பேன். எந்த விவசாயியின் மேட்டிலும் மழை என் நாட்காட்டியைப் பார்த்துப் பெய்யப் போவதில்லை. நம் ஒப்பந்தப்படி நான் தோற்றதால் ஒப்பந்தத்தைத் திருத்துகிறேன்: பதினாறு நாள். ஒரு முறை பார்த்தது போதாது, ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். நீ சம்மதித்ததாக எடுத்துக்கொண்டு, அடுத்த தைப்பூசத்துக்கும் கூரையைக் கொண்டுபோகச் சொல்லிச் சுகுமாரனிடம் தெரிவித்தாயிற்று.